இன்ஸ்பெக்டர் மான்சாவுக்கு மாற்றல்

பிராகோ மூன்று நாளாகத் தன் வீட்டுப் பக்கமே போகவில்லை. பதினோரு வருடமாக வியாழக்கிழமை சாயங்காலம் தவறாமல் 'லகூன் ஸ்டேஷன்' தொடரில் இன்ஸ்பெக்டர் மான்சாவாக வந்து, கொலைகாரன், கொள்ளைக்காரன், போலி டாக்டர், போலிச் சாமியார் என்று இருநூறு பேருக்கு மேல் விலங்கு மாட்டியவள் அவள். இப்போது எழுபத்தைந்து வயது மாமா ஒருவருக்குப் பயந்து, மேக்கப் போடும் எசினாமின் ஒற்றை அறையில் ஒளிந்துகொண்டிருந்தாள். மாமாவின் கையில் துப்பாக்கியா இருந்தது? ஒரு பாட்டில் ஜின் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பாட்டில்தான் ஆபத்து. குடும்பத்துப் பெரியவர் கொண்டுவரும் ஜின்னைக் கையில் வாங்கிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் யோசித்துச் சொல்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒடும்கேசே ஊருக்குத் தலைவியாக, ராணித்தாயாக இருந்த பிராகோவின் பெரியம்மா போன வருடம் கண்ணை மூடினாள். வருடச் சடங்கும் முடிந்துவிட்டது. பீடம் காலியாக இருக்கிறது. தாய்வழியில் மட்டுமே போகிற உரிமை அது. பெரியம்மாவுக்குப் பெண் குழந்தை இல்லை, அவள் தங்கைக்கு ஒரே பெண். அந்த ஒரே பெண் அக்ராவில் தொலைக்காட்சிக்காகத் திருடன் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஒபொக்கு மாமா இரண்டு கிழவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். பிராகோ தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் என்ன என்று முறைப்படி கேட்டாள். மாமாவும் முறைப்படி சொன்னார்.

"மாமா, எனக்கு ஷூட்டிங் இருக்கு."

"இருக்கட்டுமே. உங்க பெரியம்மாவுக்கு பேக்கரி இருந்துச்சு. ரெண்டு அடுப்பு. விட்டுட்டுத்தானே வந்தா?"

"நான் ஓடற வேலை பாக்கறேன். கத்தற வேலை."

"அதான் வாரா வாரம் பாக்கறோமே. போன வாரம் சாக்கடைல விழுந்தியே, இவங்க ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டாங்க. இனிமே அப்படி விழக்கூடாதும்மா."

"ஒரு நிமிஷம், பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்" என்று எழுந்தவள் பின்வாசல் வழியாக இறங்கி, காரை எடுத்துக்கொண்டு போனவள்தான். கூடத்தில் மூன்று பேரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்களாம். பக்கத்து வீட்டுக்காரி போனில் சொல்லிச் சிரித்தாள். பிராகோவுக்குச் சிரிப்பு வரவில்லை. செய்தது அசிங்கம் என்று அவளுக்கே தெரியும்.

ராணித்தாய் கீழே விழக்கூடாது. வெறுங்காலால் மண்ணை மிதிக்கக்கூடாது. யாரையும் அடிக்கக்கூடாது, யாரும் அவளை அடிக்கக்கூடாது. தெருவில் நின்று தின்னக்கூடாது. பிணத்தைப் பார்க்கவே கூடாது. இன்ஸ்பெக்டர் மான்சாவோ வாரம் ஒரு பிணத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு கையில் வறுத்த வாழைக்காயோடு, செத்தவன் சட்டைப் பையைத் துழாவுகிறவள். இரண்டும் ஒரே உடம்பில் நடக்காது.

இதையெல்லாம்கூட பிராகோ பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. ஊர் கூடிய இடத்தில் ராணித்தாய் வாய் திறந்து பேசமாட்டாள். பக்கத்தில் நிற்கும் ஒச்சியாமேயின் காதில் சொல்வாள். அவர்தான் தங்கப்பூண் போட்ட கோலைப் பிடித்துக்கொண்டு, தன் நயத்தையும் கொஞ்சம் சேர்த்து ஊருக்கு எடுத்துச் சொல்வார். பெரியம்மா இருபத்தாறு வருடம் அப்படித்தான் இருந்தாள். கடைசியில் வீட்டுக்குள்கூட அவள் குரல் ஒரு முழத்துக்கு மேல் போகாது.

பிராகோவுக்கு இருந்த சொத்தே குரல்தான். மான்சா கிடைப்பதற்கு முன் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்ட். கணவன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருந்தான், கையில் பத்து வயதுப் பெண். முப்பத்தாறு வயதில் நடிப்புத் தேர்வுக்குப் போய், "ஏய், நில்லு அங்க!" என்று ஒரு தடவை கத்தினாள். தேர்வு செய்ய உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டான். இன்றைக்கு அந்த மூன்று வார்த்தையை டிரோட்ரோ வேனில் ஆள் ஏற்றுகிறவர்கள் கத்துகிறார்கள், டீச்சர்கள் கத்துகிறார்கள், புருஷனைப் பார்த்துப் பெண்டாட்டிகள் கத்துகிறார்கள். அதை விட்டுவிட்டு ஒருவர் காதில் முணுமுணுக்கவா?

எசினாமின் அறையில் நாலு எட்டு வைத்தால் சுவர். பிராகோ வைத்த எட்டையெல்லாம் நேராக வைத்திருந்தால் நூற்றைம்பது மைல் தள்ளியிருக்கும் குமாசிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"அக்கா, உக்காருங்க. தரை தேஞ்சு போச்சுன்னு வீட்டுக்காரர் என்னைத்தான் கேப்பாரு" என்றாள் எசினாம்.

"உக்காரத்தான் கூப்பிடறாங்க. பீடத்துல."

"வேணாம்னு சொல்லிடுங்களேன்."

"சொன்னா விடுவாங்களா? நாளைக்கு இருபது பேரா வருவாங்க. ஷூட்டிங்குக்கே வருவாங்க. வெள்ளை மண்ண எடுத்து தோள்ல ஒரு தடவு தடவினா முடிஞ்சு போச்சு, அப்புறம் நான் ஓடினாலும் ராணித்தாய் ஓடறான்னுதான் சொல்வாங்க." சட்டென்று நின்றாள். "அவங்களே என்னை வேணாம்னு சொல்லணும், எசினாம். அதுக்கு என்ன வழி?"

வழி அன்றைக்கு மத்தியானமே கிடைத்தது, சோள மாவு கெங்கேயும் பொரித்த மீனும் தின்றுகொண்டிருக்கும்போது. விரலில் இருந்த மிளகாயைக்கூடக் கழுவாமல், தொடரை எழுதி இயக்கும் லான்டேவுக்குப் போன் போட்டாள்.

"லான்டே, மான்சா சாகணும்."

"என்னது? என்ன ஆச்சு உனக்கு? வேற சேனல்காரன் கூப்பிட்டானா?"

"நிஜமா இல்லய்யா, பொய்ச் சாவு. டீமா துறைமுகத்துல அந்தக் கடத்தல்காரன் இருக்கான்ல, அவனைப் பிடிக்க மான்சா செத்த மாதிரி நடிக்கறா. பெட்டில படுத்துருக்கா. அவன் சந்தோஷமா சாவுக்கு வர்றான். எந்திரிச்சு உக்காந்து விலங்கு மாட்டறா."

லான்டே போனிலேயே சிரிக்க ஆரம்பித்தான். "அடிப்பாவி, இவ்வளவு வருஷமா இத எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?"

அவனிடம் மீதியைச் சொல்லவில்லை. சவப்பெட்டியில் படுத்தவளை யாரும் பீடத்தில் உட்காரவைக்க மாட்டார்கள். நடிப்போ நிஜமோ, நாடே பார்க்கப் பிணமாகக் கிடந்த உடம்பின் மேல் வெள்ளை மண்ணைத் தடவ எந்தக் கிழவியின் கை நீளும்? ஒரே ஒரு வியாழக்கிழமை பெட்டிக்குள் கிடந்தால் போதும், அடுத்த வியாழக்கிழமை மான்சா திரும்ப ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாள். பீடம் குடும்பத்தின் இன்னொரு கிளையான எதிர் வீட்டு வழிக்குப் போய்விடும். அவர்கள் அறுபது வருடமாக அதற்குத்தான் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளட்டும். இப்படித்தான் பிராகோ கணக்குப் போட்டாள். போலீஸ் மூளை என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

லான்டே சும்மா பெட்டி செய்கிற ஆளா? கா என்ற கடற்கரை ஜாதிக்காரன், டெஷியில் பிறந்தவன். மீனவன் செத்தால் மீன் வடிவத்திலும் கோகோ விவசாயி செத்தால் கோகோக் காய் வடிவத்திலும் பெட்டி செய்கிற ஆசாரிகளின் தெருவில் வளர்ந்தவன். மாமன் மகனிடம் சொல்லி, ஒரே ராத்திரியில் போலீஸ் ஜீப் வடிவத்தில் ஒரு பெட்டி செய்துவிட்டான். நீலமும் மஞ்சளும் அடித்து, நாலு சக்கரம், முன் விளக்கு, கதவில் 'லகூன் ஸ்டேஷன்' என்று எழுத்து, தலைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. வியாழக்கிழமை அதைப் படம் எடுத்து, 'மான்சாவின் கடைசிப் பயணமா?' என்று போட்டு எல்லார் போனுக்கும் அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் நாடே அழுதது. கேப் கோஸ்டில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு நின்றார்களாம்.

பிராகோவுக்கு அது இன்னும் வசதி. ஒபொக்கு மாமாவுக்கும் போன் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை. டீமாவில் பழைய கோகோ கிடங்கு ஒன்றைத்தான் ஸ்டேஷனாக மாற்றி வைத்திருந்தார்கள். அதன் பின்கூடத்தில் ஜீப்பு வெள்ளை சாட்டின் மெத்தையோடு திறந்து கிடந்தது. வாடகைக்கு அமர்த்திய அழுகைக்காரிகள் கறுப்பும் சிவப்பும் உடுத்தி, அழுது பழகிக்கொண்டிருந்தார்கள். எசினாம் பிராகோவின் முகத்தில் சாம்பல் பூசினாள். மூக்கில் பஞ்சு வைக்கப் போனவள் பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்க ஊர்லயும் இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க, அக்கா."

"வை, வை. சீக்கிரம் முடியட்டும்."

"ஏன் இப்படிப் பறக்கறீங்க? பிணம் பொறுமையா இருக்கணும்."

முழுச் சீருடை, தொப்பி, பூட்ஸ். எல்லாம் தயார். லான்டே கையைத் தூக்கினான். பிராகோ ஜீப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலது காலை உள்ளே வைத்தாள். அப்போது அவளுடைய பேன்ட் பையில் போன் அடித்தது. 'அணைச்சு வைக்கத் தெரியாதா?' என்று லான்டே கத்தினான். மகள் பேர் வந்ததால் எடுத்தாள். அடோமா குமாசியில் பல்கலைக்கழகத்தில் நில அளவைப் பொறியியல் மூன்றாம் வருடம். வகுப்பு நேரத்தில் கூப்பிடுகிற பெண் இல்லை.

"அம்மா, ஒரு காமெடி கேளேன். ஒபொக்கு தாத்தாவும் ரெண்டு கிழவிங்களும் எங்க ஹாஸ்டலுக்கு வந்தாங்க."

பிராகோ மூக்கிலிருந்த பஞ்சைப் பிடுங்கினாள். "எதுக்கு?"

"என்னை நடந்து காட்டச் சொன்னாங்க. ஒடம்புல தழும்பு இருக்கா, ஆபரேஷன் ஆயிருக்கா, போலீஸ்ல மாட்டிருக்கேனான்னு கேட்டாங்க. எங்கம்மாவே போலீஸ்தான்னேன். சிரிக்கவே இல்லம்மா அவங்க. நீ பெட்டில படுத்துட்டியாமே? அதனால அடுத்தது நான்தானாம்."

"நீயா? உனக்கு இருபத்தோரு வயசுடி! அங்க நாப்பது தாண்டாத யாரும் உக்காந்ததே இல்ல."

"அதையும் கேட்டேன். விதி ஒண்ணும் இல்லையாம், இதுவரைக்கும் அப்படி அமைஞ்சுச்சாம். வழி அறுந்து போகக்கூடாது, அதுதான் முக்கியம்னாங்க."

தாய்வழி என்றால் பிராகோவுக்கு அப்புறம் அவள் வயிற்றில் பிறந்தவள். ஒடும்கேசேயில் கைக்குழந்தைக்கும் தெரிந்த கணக்கு அது. அக்ராவிலேயே இருந்து இருந்து, எதிர் வீட்டு வழி வரைக்கும் எண்ணியவள், சின்ன வயதில் தவளைக்குப் பயந்து கட்டிலில் ஏறி நின்ற தன் பெண்ணை எண்ணவே இல்லை.

"பாட்டில வாங்கிட்டியா?"

"இன்னும் இல்ல. எனக்கு நாலரை மணி வரைக்கும் ஃபீல்டு வேலை. அஞ்சு மணிக்கு வாங்க தாத்தான்னேன். கேட்டுக்கு வெளியே உக்காந்துருக்காங்க, பாவம்." அடோமாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் வாங்கிக்கலாம்னுதாம்மா இருக்கேன்."

"பைத்தியமா உனக்கு?"

"பின்ன என்ன? நீ மான்சாவ விட முடியாது, எனக்குத் தெரியும். நாடே பாக்குது. நான் படிப்ப விட்டா யாருக்கு நஷ்டம்? சேத்துல கோல் நடறதுக்கு வேற ஆளா கிடைக்காது? சரி, சார் கூப்பிடறாரு." வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. காட்டுக்குள் போயிருப்பாள், கருவியும் கம்பமும் தூக்கிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றில். ஒவ்வொரு விடுமுறையிலும் அந்தச் சேற்றைத்தான் அவள் கதை கதையாகச் சொல்வாள். எந்த ஆற்றை எப்படி அளந்தோம், யார் பாம்பை மிதித்தான் என்று சொல்லும்போது அவள் கையும் காலும் சேர்ந்து பேசும். அதை விடுகிறேன் என்று இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாளே.

பிராகோ வலது காலை வெளியே எடுத்தாள். மணி பத்தரை.

"எங்க போறே? கேமரா ஓடுது!" என்றான் லான்டே.

"மான்சா படுக்க மாட்டா. மாத்தி எழுது."

"மாத்தியா? நேத்து ராத்திரி வரைக்கும் நாடே அழுதுருக்கு! அந்த ஜீப்ப நான் என்ன பண்றது? அதுல நான் படுக்கவா?"

"மாற்றல்னு எழுது. வடக்கே எங்கயாவது."

"மாற்றலா? மான்சாவுக்கா? பதினோரு வருஷக் கதைக்கு ஒரு மாற்றலா? பிராகோ, செருப்பால அடிப்பாங்க என்னை!"

"ஒரு நாள் வந்து கடைசி சீன் நடிச்சுக் குடுத்துடறேன். அதுக்கு மேல கேக்காதே." சொல்லிக்கொண்டே தொப்பியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். லான்டே அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதியில் விழுங்கினான்.

அக்ராவை விட்டு வெளியே வரவே ஒன்றரை மணி நேரம் ஆனது. ஹார்மட்டான் காற்று ஊரையே புழுதியால் மூடியிருந்தது. வண்டிகள் நகரவில்லை. தண்ணீர்ப் பாக்கெட் விற்கிறவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, சாம்பல் பூசிய முகத்தையும் சீருடையையும் கண்டு, "ஐயோ ஏசுவே!" என்று தலையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். விழுந்த பாக்கெட்டுகளில் இரண்டை எடுத்து, பிராகோ முகத்தைக் கழுவிக்கொண்டாள். சாம்பல் போனது, கண் எரிந்தது. நூறு தடவை மணி பார்த்தாள். ஸ்டியரிங்கைத் தட்டினாள். மாமாவுக்குப் போன் போட்டால் அவர் எடுப்பதாக இல்லை. நாலு நாள் அவர் போட்ட போனை அவள் எடுக்காததற்குப் பதில் அது.

சாவம் என்ற ஊரைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடி. நிஜப் போலீஸ்காரன் ஒருவன் கையைக் காட்டினான். உள்ளே பார்த்ததும் விறைப்பாக சல்யூட் அடித்தான்.

"மேடம்! நீங்க செத்துட்டீங்கன்னு போன்ல வந்துச்சே?"

"சாகல. வழி விடுப்பா."

"எங்க வீட்ல நேத்து சோறே பொங்கல, மேடம். ஒரு தடவ சொல்லுங்க, நான் போன்ல பிடிச்சு அவகிட்ட போட்டுக் காட்டறேன். சாகலன்னு நம்பணும்ல."

அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் போனை நீட்டிக்கொண்டு நிற்கிற அந்த முகத்தைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினாள். "ஏய், நில்லு அங்க!" முன்னால் போய்க்கொண்டிருந்த சரக்கு லாரி ஒன்று நின்றேவிட்டது. போலீஸ்காரன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிராகோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வேறு காரணத்துக்கு. அதற்கு அப்புறம் பிரேக்கைத் தொட்ட ஞாபகமே இல்லை.

ஐந்தாக எட்டு நிமிடம் இருக்கும்போது ஹாஸ்டல் கேட்டுக்கு வந்து சேர்ந்தாள். வேப்பமரத்தடியில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் ஒபொக்கு மாமா, இரண்டு பக்கமும் இரண்டு கிழவிகள், மாமாவின் காலுக்கு நடுவே பாட்டில். கேட்டுக்குள்ளிருந்து அடோமா சேறு அப்பிய பூட்ஸோடு வந்துகொண்டிருந்தாள்.

பிராகோ குறுக்கே போய் நின்றாள். "மாமா, அத எனக்குக் குடுங்க."

மாமா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "பாத்ரூம் போய்ட்டு வந்துட்டியா?"

"தப்புதான். கால்ல விழறேன்."

"விழாதே. பெட்டில படுத்தவளுக்கு இது கிடையாது."

"படுக்கல மாமா. படம் மட்டும்தான் வந்துச்சு. நான் படுக்கவே இல்ல." பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "ஒரு கால் வெச்சேன். வலது கால். எடுத்துட்டேன்."

மாமா கிழவிகளைப் பார்த்தார். இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்துக் குசுகுசுத்தார்கள். ஒரு காலுக்காக அடோமா போய்விடுவாளா?

இருவரில் மூத்தவள் கேட்டாள். "வெறுங்காலா, செருப்பு போட்டிருந்தியா?"

"பூட்ஸ் போட்டிருந்தேன், அம்மா. இதே பூட்ஸ்."

"அந்தப் படத்த நானும் பாத்தேன். அது பெட்டியா, காரா?"

"ஜீப் மாதிரி செஞ்ச பெட்டி."

"சக்கரம் இருந்துச்சே?"

"நாலு இருக்கு."

"விளக்கு?"

"எரியுது."

கிழவி மாமாவின் பக்கம் திரும்பினாள். "ஒபொக்கு, இவ போலீஸ் வேலை பாக்கறவ. பூட்ஸ் போட்டுக்கிட்டு ஜீப்ல ஒரு கால் வெச்சிருக்கா. இதுல என்ன தீட்டு? பச்சப் புள்ளையோட படிப்ப ஏன் கெடுக்கணும், எனக்கு அப்பவே பிடிக்கல." இன்னொருத்தியும் தலையாட்டினாள். மாமா பாட்டிலை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பிராகோ இரண்டு கையாலும் வாங்கினாள்.

அடோமா ஓடிவந்து அவள் தோளைத் திருப்பினாள். "அம்மா, என்ன பண்றே? உனக்கு இது பிடிக்கலையே. எனக்காகவா?"

"உனக்காகவா? போடி." பிராகோ சிரித்தாள். பதினோரு வருட அனுபவம், வராமலா போகும்? "ஓடி ஓடி முட்டி தேஞ்சு போச்சு. சாக்கடைல விழுந்து எந்திரிக்கற வயசா எனக்கு? நானே எப்படி விடறதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நல்லா உக்காந்து சாப்பிடப் போறேன்."

"நிஜமா?"

"நிஜமாத்தான்."

அடோமா அவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம் பெரிதாக மூச்சு விட்டு, சேற்றுக் கையோடு கட்டிக்கொண்டாள். மான்சாவின் சீருடை பாழானது. பெண்ணின் உடம்பு அப்படியே லேசானதைப் பிராகோ தன் கையில் உணர்ந்தாள். எவ்வளவு பயந்திருக்கிறாள், காமெடி என்றாளே.

இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை, இன்ஸ்பெக்டர் மான்சா சாவிக் கொத்தை மேசையில் வைத்துவிட்டு, "வடக்கே மாத்திட்டாங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு போனாள். அவ்வளவுதான் சீன். ஜனங்கள் லான்டேவைச் செருப்பால் அடிக்கவில்லை, மற்றபடி எல்லாம் செய்தார்கள். சம்பளத் தகராறு என்றார்கள். லான்டேவுக்கும் அவளுக்கும் ஏதோ என்றார்கள். நோய் என்றார்கள். ஒரு வானொலிக்காரன், அவள் கனடாவில் வீடு வாங்கிவிட்டதாகச் சத்தியம் செய்தான். பதில் சொல்ல பிராகோ அக்ராவில் இல்லை. தோளில் வெள்ளை மண்ணோடு, ஒடும்கேசேயில் ஒரு மூடிய வீட்டுக்குள் எப்படி உட்காருவது, எப்படி மெதுவாக நடப்பது என்று கற்றுக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த இடத்தில் அவள் கால் மட்டும் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. கிழவி அவ்வப்போது முழங்காலில் கையை வைத்து அழுத்துவாள்.

நாற்பது நாள் கழித்து ஊர் முன்னால் உட்காரவைத்தார்கள். இனி அவளை எல்லாரும் மரியாதையாக 'நானா' என்றுதான் கூப்பிடவேண்டும். குடை, முரசு, தங்கம் எல்லாம் உண்டு. பக்கத்தில் கோலோடு நின்றவர் டான்க்வா, முன்பு பஸ் மெக்கானிக், குடும்பத்துக்கே ஒச்சியாமே வேலை. கூட்டத்தில் பாதிப் பேர் வெளியூர், மான்சாவைப் பார்க்க வந்தவர்கள். முன்வரிசையில் அடோமா கென்டே துணி உடுத்திக்கொண்டு போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

வணக்கமும் வாழ்த்தும் முடிந்தபின் தடித்த ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். சந்தையில் தக்காளி விற்கிறவள். "ஒச்சியாமே, நானாகிட்ட ஒண்ணு கேக்கணும். பதினோரு வருஷமா எங்க வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லாம எங்கள விட்டுட்டுப் போனது எதுக்கு? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க, நாங்க நிம்மதியாப் போயிடறோம்."

கூட்டம் அடங்கிவிட்டது. பிராகோவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ஆனாலும் டான்க்வா குனிந்து, முறைப்படி மறுபடி ஒருமுறை அவள் காதில் சொன்னார். அவள் யோசிக்கவே இல்லை. நாற்பது நாள் அடக்கி வைத்தது அதுவாக வந்துவிட்டது.

"போக எனக்கு மனசே இல்ல. என் பொண்ண எடுத்துக்குவாங்கன்னுதான் போனேன். அப்படியே சொல்லுங்க."

டான்க்வா ஒரு கணம் அவளைப் பார்த்தார். முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்த அடோமாவைப் பார்த்தார். நிமிர்ந்து, கோலைத் தரையில் ஒருமுறை ஊன்றினார்.

"நானா சொல்கிறார்கள். ஊர் கூப்பிட்டது, தாய் மனமார வந்தாள். திருடனைப் பிடித்த கை இனி உங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளும்."

முரசு அதிர்ந்தது. தக்காளிக்காரி இரண்டு கையையும் தூக்கிக் கூத்தாடினாள். அடோமா வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பிராகோவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பொய், பொய், நான் சொன்னது அது இல்லை என்று லாரியை நிறுத்திய அந்தக் குரல் தொண்டை வரை ஏறி நின்றது. டான்க்வா செய்ததுதான் சரி என்றும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் ஆத்திரம் குறையவில்லை. வாயை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

ஆரவாரம் ஓய்ந்ததும் டான்க்வா காதைக் கொடுத்தார். அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றாள். அதை மட்டும் அவர் அப்படியே சொன்னார்.